பத்து வயது முதல், குறி ஏதும் இல்லை

"என் பேரைப் போட்டு நான் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு பண்ணணும், மிசஸ் டைக்ஸ்ட்ரா. ஒண்ணே ஒண்ணு போதும்."

கேட்டேவிட்டாள் ரேலீன். கேட்கவே கூடாது என்று அவள் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மார்லிஸ் டைக்ஸ்ட்ராவின் வீட்டை வியாழக்கிழமைதோறும் துடைத்துப் பெருக்குகிறவள் அந்த அம்மா. "அந்த வீட்டுல அவங்களா குடுத்தா வாங்கிக்க. வாயைத் தொறந்து கேட்டுடாத. அதுவும் பேரு வேணும்னு கேட்டுடாதடி. பெருமை புடிச்சவன்னு சபை பூரா பேசிடுவாங்க." நாலு வருஷமாக ரேலீன் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் திறந்துவிட்டாள். திறந்தவள், காலுறையில் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்ததை மறைக்க ஒரு காலை மற்றதன்மேல் போட்டுக்கொண்டு நின்றாள். பனிக்காலத்தில் அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஏழ்மை காலில் தெரியும்.

மார்லிஸ் காபியை ஊற்றுவதை நிறுத்தவில்லை. அவளுக்கு எதிலும் பதற்றம் கிடையாது.

"கண்ணு, உன் பேரு வெளிய வராம இருக்கறது உன் நல்லதுக்குத்தானே. இதை எத்தனை தடவை சொல்றது?"

சொல்லித்தான் இருந்தாள். மார்லிஸ் போடும் பட்டியலுக்கு 'நல்விளக்கு' என்று பெயர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் தாய்மார்களுக்காக, எந்த நாவலை நம்பிப் பிள்ளை கையில் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் புத்தகம் அது. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலும், புத்தகச் சந்தையை ஒட்டி வருகிறது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் மட்டும் நானூறு குடும்பங்கள் அதைக் கேட்டுத்தான் புத்தகம் வாங்குகின்றன. அதற்காக நாவல்களை வாசிக்க இரண்டு பெண்கள். ஒருத்தி எண்ணுகிறவள். வசவுச் சொல் வந்தால் மஞ்சள் சீட்டு ஒட்டுவாள், ரத்தம் வந்தால் சிவப்பு, முத்தத்தைத் தாண்டி எது வந்தாலும் நீலம், கடவுளைக் கேலி செய்தால் கறுப்பு. கடைசியில் கூட்டி, 'மஞ்சள் 14, நீலம் 2, பக்கம் 88ஐத் தாண்டிப் போகவும்' என்று எழுதிக் கொடுப்பாள். இன்னொருத்தி சிபாரிசு செய்கிறவள். தேறிய புத்தகத்தை எடுத்து, இதை ஏன் குடும்பத்தோடு வாசிக்க வேண்டும் என்று உருக்கமாக எழுதுவாள். சிபாரிசு செய்கிறவளின் பெயர் கீழே அச்சாகும். எண்ணுகிறவள் பெயர் எங்கேயும் வராது. வந்தால், இந்தப் பெண் என்னத்தையெல்லாம் படித்திருக்கிறாள் பார் என்று ஊர் பேசும். அப்புறம் யார் கட்டுவான்?

அரசுப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துவிட்டு ரேலீன் ஊருக்குத் திரும்பிய வாரமே மார்லிஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். ரேலீனின் அப்பா பன்றி வெட்டும் ஆலையில் கத்தி பிடிக்கிறவர். அந்த வீட்டில் பைபிளையும் தீவன விலைப்பட்டியலையும் டிராக்டர் காலண்டரையும் தவிர அச்சடித்த காகிதம் எதுவும் இருந்ததில்லை. இருந்தும் அவள் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. டைக்ஸ்ட்ரா அம்மா கூப்பிட்டாள் என்றதும் வீடே பூரித்துப்போனது. போனால், மார்லிஸ் ஒரு பெட்டி நாவல்களைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அங்க நீ எல்லாத்தையும் பார்த்திருப்ப. உனக்குத் தாங்கும்." சந்தேகத்துக்கு இடமான புத்தகமெல்லாம் அன்றிலிருந்து ரேலீனுக்கு. இருநூற்றுப் பதினான்கு நாவல்களில் அழுக்கு பொறுக்கியிருக்கிறாள்.

நல்ல புத்தகமெல்லாம் திர்சாவுக்கு.

"எந்தப் புத்தகம் கண்ணு?" என்றாள் மார்லிஸ், ஒரு பேச்சுக்கு.

"'உப்பளத்து வீடு'."

மார்லிஸ் சிரித்துவிட்டாள். "அட, அதுக்குத் திர்சா எழுதியாச்சே! இந்த வருஷம் முதல் பக்கமே அதுதான். ரொம்ப அழகா எழுதியிருக்கா, படிச்சிட்டு எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இந்தா, ப்ரூஃப் வந்திருக்கு. எண்ணெல்லாம் சரியா இருக்கான்னு நீதான் பார்க்கணும். அடுத்த செவ்வாய் அச்சுக்குப் போகுது."

ரேலீனுக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் என்று சும்மாவா சொல்கிறார்கள், நிஜமாகவே எரிந்தது. சரியாக அந்த நேரத்தில் வாசல் கதவைத் திறந்துகொண்டு, குளிரில் கன்னம் சிவந்து, திர்சாவே உள்ளே வந்தாள்.

திர்சா ஹைபர்ட்ஸ். தேவாலயச் சபை மூப்பரின் மகள். வயது இருபத்து மூன்று, ரேலீனைவிட மூன்று வயது சின்னவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வீட்டில் அறுநூறு புத்தகம், இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா உரக்க வாசிக்க ஆறு பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அந்த 'சுற்றி உட்கார்ந்து'தான் ரேலீனைக் கொல்லும். அவளுடைய அப்பா சாப்பாடு முடிந்ததும் மரத்துப்போன விரல்களை வெந்நீரில் ஊறவைப்பார். திர்சாவின் பின்னல், திர்சாவின் அம்மா பின்னிய கம்பளி, கிழியாத காலுறை, மணி மணியான கையெழுத்து. எல்லாவற்றையும் ரேலீன் மனப்பாடமாக வைத்திருந்தாள். வெறுக்கிற ஒருத்தியை இவ்வளவு உன்னிப்பாகவா பார்ப்பார்கள்? பார்த்தாள்.

"ரேலீன்! ஹாம் பன் எடுத்துக்கோயேன், அம்மா சுடச் சுடக் குடுத்துவிட்டாங்க," என்றாள் திர்சா.

"பசியில்ல."

"உனக்கு எப்பவுமே பசியில்ல," என்று சிரித்தாள். கெட்ட பெண் இல்லை அவள். அதுவும் ஒரு எரிச்சல்தான்.

ரேலீன் ப்ரூஃபை அள்ளிக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். ஹீட்டர் சூடேறும்வரைகூடப் பொறுக்காமல் முதல் பக்கத்தைப் பிரித்தாள். மோசமாக எழுதியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். மோசமாக இல்லை. உப்புப் பாத்தியில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளைப் பற்றியும், செத்தவனுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி எடுத்துவைக்கும் தாயைப் பற்றியும் எழுதியிருந்தாள். படிக்கிறவளுக்கு உடனே அந்த நாவல் வேண்டும் போலிருக்கும். தனக்கு இப்படி எழுத வருமா? நாலு வருஷம் எண்ணி எண்ணிக் கை எண்ணுக்கே பழகிவிட்டது.

கடைசி வரிக்கு வந்தாள். 'இருபத்து நான்கு அத்தியாயங்கள். பத்து வயது முதல். குறி ஏதும் இல்லை. சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாக உரக்க வாசிக்க உகந்தது.'

இன்னொரு முறை படித்தாள்.

இருபத்து நான்கா? அந்த நாவலில் முப்பத்தோரு அத்தியாயம். பல்கலைக்கழக விடுதியில், பத்தொன்பது வயதில், நாலு தடவை படித்திருக்கிறாள். பத்தொன்பதாவது அத்தியாயத்தில் உப்பள முதலாளி, வேலைக்காரப் பெண் இங்காவின் அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போடுகிறான். இங்காவுக்குப் பதினைந்து வயது. மறு ஞாயிறு அந்தப் பெண் சபை நடுவில் எழுந்து நின்று, முதலாளியின் முழுப் பெயரையும் சொல்லி, என்ன செய்தான் என்பதையும் சொல்கிறாள். மிச்ச நாவல் அதற்கு அந்த ஊர் என்ன செய்தது என்பதுதான். குறி ஏதும் இல்லையாமே!

யோசிக்க யோசிக்கப் பிடிபட்டது. சபையின் நிலவறை நூலகத்தில் பழுப்பு அட்டை போட்ட பழைய பிரதிகள் ஒரு வரிசை உண்டு. எழுபது வருஷத்துக்கு முன்னால் மாதர் சங்கம் தானே வெட்டிச் சுருக்கி அச்சிட்டவை. வெட்டியது தெரியாமல் அத்தியாய எண்களையும் மாற்றிப் போட்டிருப்பார்கள். திர்சா அதைத்தான் படித்திருக்கிறாள். 'நல்லது' என்று முன்கூட்டியே முடிவான புத்தகம் என்பதால் எண்ணுவதற்கு ரேலீனிடம் வரவுமில்லை. ஆனால் ஏப்ரலுக்கு அப்புறம் நானூறு குடும்பமும் கடையில் வாங்கப்போவது முப்பத்தோரு அத்தியாயப் பதிப்பை.

சிரித்தாள் ரேலீன். காரின் கண்ணாடியெல்லாம் ஆவி படியும் அளவுக்குச் சிரித்தாள்.

அந்த வாரம் அவளுக்குத் திருவிழா. அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, யாராவது கேட்டு வந்திருக்கானா?" என்றாள். "அதைவிட நல்ல சேதி" என்றாள் மகள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் விட வேண்டும்? எண்களைப் பார்க்கச் சொன்னார்கள், பக்க எண் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் மூன்று வரிசைக்கு முன்னால் திர்சாவின் பின்னல் தெரிந்தது. பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போல் பெப்பர்மிண்ட் மிட்டாய் கைமாறி வந்தது. வாயில் போட்டு மெல்ல மெல்லக் கரைத்தாள். நானூறு சாப்பாட்டு மேசைகள். நானூறு அப்பாக்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தொடங்குகிறார்கள். தாழ்ப்பாள் விழுகிறது. அப்பாவின் குரல் நிற்கிறது. 'யார் இதைச் சிபாரிசு செய்தது?' பட்டியலை எடுத்துப் பார்க்கிறார்கள். கீழே மணியாக அச்சாகியிருக்கிறது, திர்சா ஹைபர்ட்ஸ்.

மிட்டாய் தீர்வதற்குள் அந்த இனிப்பு போய்விட்டது. முன்வரிசையில் மூப்பர் ஹைபர்ட்ஸ் எழுந்து ஜெபம் ஏறெடுத்தார். அவருடைய அகலமான முதுகைப் பார்த்தபோதுதான் ரேலீனுக்கு உறைத்தது. திர்சாவுக்கு ஒன்றும் ஆகாது. மூப்பரின் மகள், வெள்ளை மனசு, பாவம் ஏமாந்துவிட்டாள் என்று சொல்லி அணைத்துக்கொள்வார்கள். அடி புத்தகத்தின்மேல்தான் விழும். அசிங்கம் பிடித்த நாவல் என்று குப்பையில் போய்விடும். அப்புறம் இந்த ஊரில் எந்தப் பெண் பிள்ளை கையிலும் அது கிடைக்காது.

அந்தப் பழுப்புப் பிரதியையும் சனிக்கிழமையே எடுத்துப் பார்த்திருந்தாள். அதில் இங்கா ஒரு காலையில் ஊரைவிட்டு அனுப்பப்படுகிறாள். ஏனாம்? இருமலாம். இருமலுக்குக் கடல் காற்று ஆகாதாம். இந்த ஊரிலும் பெண்கள் இருமலுக்காகத் தூரத்து அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ரேலீனோடு ஞாயிறு வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தியும் போனாள். திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் ரேலீன் தபால் நிலையத்துக்குப் போய் ஒரு உறையைப் போட்டுவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை மார்லிஸின் சமையலறை மேசையில் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஒல்லி, ஒன்று தடி. திர்சாவும் உட்கார்ந்திருந்தாள், ப்ரூஃபில் கடைசித் திருத்தம் போட.

"இது திர்சா படிச்சது. இது கடைல கிடைக்கறது. நூத்திப் பன்னிரண்டு பக்கம் வித்தியாசம்," என்றாள் ரேலீன்.

மார்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ரேலீன் அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினாள். படிக்கப் படிக்க மார்லிஸின் உதடு மெலிந்துகொண்டே போயிற்று. முடித்ததும் புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கடவுளே. நல்லவேளை கண்ணு. இது எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"போன செவ்வாயே."

"ஒரு வாரமா? வாயை மூடிட்டு இருந்தியா?"

"ஆமா. இருந்தேன்."

திர்சாவின் முகம் வெளுத்திருந்தது. "இருமல் இல்லையா?" என்றாள் மெதுவாக.

"இருமல் இல்ல."

"அப்ப இங்காவுக்கு என்ன ஆச்சு?"

"உனக்கு வேண்டாம் அது," என்றாள் மார்லிஸ் பட்டென்று. புத்தகத்தின் மேலிருந்த கை இன்னும் அழுந்தியது. "சரி, பதறாம யோசிப்போம். எழுதினது வீணாகக் கூடாது. திர்சா எழுதினது அப்படியே இருக்கட்டும். பழைய பதிப்பை மட்டும் படிக்கவும், நூலகத்துல கேட்கவும்னு ஒரு வரி சேர்த்துடலாம். கீழ ஒரு கட்டம் போட்டு, முழுப் பதிப்பைத் தவிர்க்கவும், நீலம் ஒண்ணு, கறுப்பு ரெண்டு..." நிமிர்ந்து ரேலீனைப் பார்த்தாள். குரல் இளகியது. "நீ கேட்டேல்ல கண்ணு, பேரு. நான் மறக்கல. அந்தக் கட்டத்துக்குக் கீழ 'எண்ணியவர்: ரேலீன் கூய்மன்'னு போட்டுடறேன். இருபத்திரண்டு வருஷத்துல யாருக்கும் செஞ்சதில்ல."

பென்சிலை எடுத்து எழுதியும் காட்டினாள். மேலே திர்சாவின் அழகான அரைப்பக்கம். அடியில் சின்னக் கட்டம். தவிர்க்கவும், நீலம், கறுப்பு, ரேலீன் கூய்மன். நாலு வருஷம் ஏங்கிய பெயர், கடைசியில் பூட்டிய அறையின் வாசலில் காவலுக்கு நிற்கிறது.

"நான் தவிர்க்கச் சொல்லலையே," என்றாள் ரேலீன். "இதைத்தான் நான் சிபாரிசு பண்றேன்னு கேட்டேன். இந்தத் தடிப் புத்தகத்தை. பதினஞ்சு வயசுக்கு மேல. பத்தொன்பதாம் அத்தியாயத்தோட."

"நீலத்தோடயா?"

"நீலத்தோட. மிசஸ் டைக்ஸ்ட்ரா, கெட்டதைப் பார்த்து இது கெட்டதுன்னு பேரு சொல்லிக் கத்தற புத்தகம் இது. இதைவிடச் சுத்தமான புத்தகம் இருநூத்திப் பதினாலுல ஒண்ணுகூட இல்ல, நான் எண்ணியிருக்கேன். அசிங்கம் அந்தப் பழுப்பு அட்டைலதான் இருக்கு. அவன் செஞ்சதை இருமல்னு எழுதிவெச்சிருக்கீங்களே, அது."

"தாய்மார் என்னை நம்பி வாங்கறாங்க, ரேலீன்." 'கண்ணு' போய்விட்டது. "அவங்க வீட்டுக்குள்ள நான் இதை அனுப்ப முடியாது. அங்க உனக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல. உங்க அம்மா கேட்டா வருத்தப்படுவா. தங்கமான மனுஷி."

அம்மா என்ற சொல் வந்ததும் ரேலீனுக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அந்த வீட்டுத் தரை, அம்மாவின் முழங்கால். ஆனால் உறையைத் தபாலில் போடும்போதே அதையும் நினைத்துப் பார்த்தாயிற்று. நேற்று இரவுச் சாப்பாட்டின்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம், "போய்த் தொலை, எனக்கு வேற வீடா கிடைக்காது?" என்றாள்.

"ஏப்ரல் புத்தகச் சந்தைல இந்தப் புத்தகத்துக்குன்னு நான் ஒரு மேசை எடுத்திருக்கேன்," என்றாள் ரேலீன். "மனு நேத்தே போயிடுச்சு. என் பேரு போட்டு. இன்னிக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா அதை வாபஸ் வாங்கியிருப்பேனான்னு தெரியல. வாங்கியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கறேன். இந்தத் தப்பை மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இனி நான் எண்ண மாட்டேன்."

மார்லிஸ் கையை எடுக்கவில்லை. ரேலீன் அந்தக் கைக்கு அடியிலிருந்து தன் புத்தகத்தை மெதுவாக உருவிக்கொண்டாள். உருவ விட்டாள் மார்லிஸ். பிடித்திழுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது திர்சா பின்னாலேயே வந்தாள்.

"ரேலீன். உனக்கென்ன, குடுத்துவெச்சவ நீ." குரல் நடுங்கியது. "எனக்கு வர்றதெல்லாம் யாராவது முன்னாடியே படிச்சு, வெட்டி, ஒட்டி வர்றதுதான். உன் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? உன்னை நினைச்சா எனக்கு எரியும்."

ரேலீன் குனிந்தபடியே இருந்தாள். நாலு வருஷமாக அவளைப் பார்த்து இவள் எரிய, இவளைப் பார்த்து அவள் எரிந்திருக்கிறாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மனசு இளகியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. அந்த அரைப்பக்கத்தைத் திர்சாதானே எழுதினாள்? தன்னால் அப்படி எழுத முடியுமா என்று இன்னும் தெரியவில்லை. சந்தைக்கு ஆறு வாரம் இருக்கிறது. எழுதிப் பார்க்க வேண்டும்.

"ஒரே ஒரு நாள் குடுப்பியா அதை?" என்றாள் திர்சா. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாருக்கும் தெரியாம படிச்சிட்டுத் தந்துடறேன்."

"யாருக்கும் தெரியாமலா? மாட்டேன்."

"ஏன்?"

"சந்தைக்கு வா. எல்லாரும் பார்க்க என் மேசைக்கு வந்து, ரேலீன், அந்தப் புத்தகம் குடுன்னு வாயைத் தொறந்து கேளு. தர்றேன்."

ரேலீன் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டினாள், புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகினாள், கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கி நடந்தாள்.